ஏக்கருக்கு ஒரு மூட்டை... யார் போட்ட கணக்கு இது?

தாம்பரத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஒரு கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி என்று தூக்கத்தில் கூடச் சொல்வார்கள். சேலையூரில் என்ன விலை, மாடம்பாக்கத்தில் என்ன விலை, முடிச்சூரில் வெள்ளம் வந்த பிறகு என்ன விலை என்பதெல்லாம் டீக்கடையிலேயே கிடைக்கும் தகவல். சரி, அதே ஒரு கிரவுண்டில் நெல் போட எவ்வளவு விதை வேண்டும்? இந்தக் கேள்விக்கு மட்டும் கடை முழுக்க மௌனம்!

நெல் போடுகிற இடமா இது என்று சிரிக்க வேண்டாம். அந்தக் கிரவுண்டே வயலில் பிறந்ததுதான். செங்கல்பட்டுப் பக்கத்துப் பழைய நில அளவு காணி. ஒரு காணி 57,600 சதுர அடி, அதாவது 1.32 ஏக்கர். அதை 24-ஆல் வகுத்தால் வருவது 2400. இன்று அபார்ட்மெண்ட் விளம்பரத்தில் வருகிற கிரவுண்டு, காணியில் 24-இல் ஒரு பங்கு. சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, மாடம்பாக்கம் ஏரி எல்லாம் படகு விடுவதற்காக வெட்டப்பட்டவை அல்ல. கீழே வயல் இருந்தது, அதற்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. இன்றும் தாம்பரத்திலிருந்து மேற்கே மணிமங்கலம், படப்பை என்று பஸ் ஏறிப் போனால் ஏரித் தண்ணீரில் நெல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று பிளாட்டுக் கற்களுக்கு நடுவே.

அவர்களுக்கு விதைக்கடையில் கிடைக்கிற பதில் ஒன்றே ஒன்று. "ஏக்கருக்கு ஒரு மூட்டை." மூட்டை என்றால் பெரும்பாலும் 30 கிலோ. என்ன ரகம், என்ன பட்டம், நடவா நேரடி விதைப்பா, விதை முளைக்குமா முளைக்காதா... ஒரு கேள்வியும் கிடையாது. காய்ச்சல் என்று போனவனிடம் வயசு, எடை எதுவும் கேட்காமல் மாத்திரையை நீட்டுகிற மருந்துக்கடைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

விதை அளவு என்பது மூட்டையில் பிறக்கிற எண்ணே அல்ல. அது வயலில் பிறக்கிற எண். ஒரு சதுர மீட்டரில் எத்தனை குத்து, ஒரு குத்துக்கு எத்தனை நாற்று, ஆயிரம் நெல்மணி என்ன எடை, நூற்றுக்கு எத்தனை முளைக்கும். இந்த நாலும் தெரிந்தால் பெருக்கல், வகுத்தல் மட்டும்தான் பாக்கி. எட்டாம் வகுப்புக் கணக்கு.

போட்டுத்தான் பார்ப்போமே. குறுகிய கால ரகம், 15-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி, சதுர மீட்டருக்கு 66 குத்து. ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். ஆக சுமார் 2,67,000 குத்து. குத்துக்கு இரண்டு நாற்று என்றால் 5,34,000 நாற்று. சன்ன ரகத்தில் ஆயிரம் மணி சுமார் 16 கிராம் இருக்கும். அப்படியானால் எட்டரைக் கிலோ. நூற்றுக்கு 80 முளைக்கும் என்று வைத்தால் பத்தே முக்கால் கிலோ. நாற்றங்காலில் நாலில் ஒரு பங்கு வீணாகும் என்று தாராளமாக வைத்தாலும் சுமார் 14 கிலோதான். அதே கணக்கை ஆயிரம் மணி 24 கிராம் எடையுள்ள மோட்டா ரகத்துக்குப் போட்டால் 21 கிலோ வருகிறது.

பார்த்தீர்களா? அதே வயல், அதே இடைவெளி, அதே கைகள். மணியின் எடை மாறியதற்கே 7 கிலோ வித்தியாசம். சன்ன ரகக்காரர் 30 கிலோ வாங்கினால் தேவையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காசு கொடுக்கிறார். வேளாண் பல்கலைக்கழகமே குறுகிய கால ரகத்துக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ, மத்திய காலத்துக்கு 40, நீண்ட காலத்துக்கு 30 என்றுதான் சொல்கிறது. ஏக்கருக்கு மாற்றினால் 24, 16, 12. நீண்ட கால ரகம் நின்று நிதானமாகத் தூர் கட்டும், அதனால் இடைவெளி அதிகம், விதை குறைவு. இந்த மூன்று எண்களையும் ஒரே மூட்டைக்குள் திணித்து வாயைக் கட்டியது யார்?

இந்த இடத்தில் உடனே ஒரு கூட்டம் கிளம்பும். "விவசாயிக்குக் கணக்கு தெரியாது சார், அதான் பிரச்சினை." ஏசி அறையில் உட்கார்ந்து சொல்ல ரொம்ப வசதியான வாக்கியம். அப்பட்டமான பொய்யும் கூட. அதே விவசாயி வேர்க்கடலை போடும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். 30-க்கு 10 இடைவெளி, குழிக்கு ஒரு பருப்பு. ஏக்கருக்கு சுமார் 1,35,000 செடி. நூறு பருப்பு 40 கிராம் என்றால் 54 கிலோ. அவர் வாங்குவதும் ஏறக்குறைய அதே ஐம்பது சொச்சம் கிலோ பருப்புதான். பருப்பு பெரிதாக இருந்தால் கொஞ்சம் கூட்டி வாங்குவார். கடலை விதை விலை கையைக் கடிக்கும், அதனால் கணக்கு தானாக வருகிறது. நெல்லில் மட்டும் ஏன் வரவில்லை? தெரியாததால் அல்ல. நம்பிக்கை இல்லாததால்.

இதுதான் விஷயத்தின் வேர். 30 கிலோ என்பது விதை அளவு அல்ல, அது ஒரு இன்சூரன்ஸ். விதை முளைக்காமல் போனால்? ஏரியில் தண்ணீர் நிற்காமல் போனால்? நாற்று பாதியில் கருகினால்? பக்கத்து வயலில் போய் நாற்றுக்குக் கை நீட்ட வேண்டும். அந்த அவமானத்துக்குப் பயந்து பத்துப் பதினைந்து கிலோ கூடுதலாகப் போடுகிறார். அதைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. மாவட்டத்தில் சில இடங்களில் மழையை எதிர்பார்த்துப் புழுதியில் நேரடியாக விதைப்பார்கள். அங்கே எறும்பு தின்னும், குருவி தின்னும், ஈரம் ஒரு பக்கம் இருக்கும், மறு பக்கம் இருக்காது. அங்கே ஏக்கருக்கு 30 கிலோ நியாயமான எண்தான். ஆனால் நேரடி விதைப்புக்கு நியாயமான எண்ணைத் தூக்கி நடவு வயலில் வைப்பது எந்த ஊர் நியாயம்?

போகட்டும், இன்சூரன்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். அந்த இன்சூரன்ஸாவது காப்பாற்றுகிறதா என்றால் அதுவும் இல்லை. வீட்டில் வைத்திருந்த பழைய விதை, நூற்றுக்கு 40-தான் முளைக்கிறது என்று வையுங்கள். 30 கிலோ மோட்டா நெல் போட்டால் முளைப்பது 12 கிலோ. வயலுக்கு வேண்டியதோ கிட்டத்தட்ட 13 கிலோ, அதுவும் நாற்றங்கால் சேதாரத்தைச் சேர்க்காமல். மூட்டை முழுசாகக் கொட்டியும் நாற்று பற்றாது! விதை நன்றாக இருந்தால் வேறு மாதிரி நஷ்டம். ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்காலில் 14 கிலோ தூவ வேண்டிய இடத்தில் 30 கிலோ தூவினால் நாற்று நெருக்கியடித்துக்கொண்டு நூல் நூலாக மேலே ஓடும். காலை நேரத்துத் தாம்பரம் மின்சார ரயிலில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த நாற்றின் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. மிச்சமான நாற்றை வீணாக்க மனசு வராமல் குத்துக்கு ஐந்து ஆறு என்று நடுவார்கள். தூர் குறையும். இதைத்தான் நம் பாட்டன்கள் 'கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்' என்றார்கள். போர் என்றால் வைக்கோல் போர். பழமொழியை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோமே தவிர, அது ஒரு விதைக் கணக்கு என்று எந்த வகுப்பிலாவது சொன்னார்களா?

அளவைக் குழப்பம் தனிக்கதை. தஞ்சாவூரில் ஒரு குழி 144 சதுர அடி. செங்கல்பட்டில் ஒரு குழி 576 சதுர அடி, நாலு மடங்கு. பெரியவர் ஒருவர் "காணிக்கு ஒரு மூட்டை" என்று சொன்னதை ஏக்கருக்கு என்று காதில் வாங்கிக்கொண்டால் அங்கேயே 32 சதவீதம் கூடிவிட்டது. ஆபீஸ் துண்டறிக்கை ஹெக்டேரில் பேசும், கடைக்காரர் ஏக்கரில் பேசுவார், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும், பிளாட் போட்டவன் கிரவுண்டில் பேசுவான். நடுவில் நிற்கிற முக்கால் ஏக்கர்காரர் எந்த மொழியில் கேட்பார்? தெற்கே நெல்லைப் பக்கம் நிலத்தையே விதையால் அளந்தார்கள். கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று. இத்தனை விதை விழுகிற இடம்தான் இந்த நிலம்! அப்படிப்பட்ட ஊரில் இன்று மூட்டையின் தையல்தான் விதை அளவைத் தீர்மானிக்கிறது.

"பத்து கிலோதானே, என்ன குடிமுழுகிப் போகிறது" என்பவர்களுக்கு ஒரு எடுத்துக்காட்டு. 2018-இல் மறைந்த நெல் ஜெயராமனைத் தெரியாதவர்கள் குறைவு. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, பாரம்பரிய ரக விதையை ஆளுக்கு 2 கிலோ கொடுத்தார். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அந்த 2 கிலோவை வைத்து என்ன செய்ய முடியும்? மூட்டைக் கணக்குப்படி ஏக்கருக்கு 30 கிலோ என்றால் 2 கிலோ ஏழு சென்ட்டுக்குக் கூடப் பற்றாது. 'இதை வைத்து நாக்கு வழிக்கவா' என்று தோன்றும். இப்போது எண்ணிப் பாருங்கள். ஆயிரம் மணி 24 கிராம் என்றால் 2 கிலோவில் 83,000 மணிகள். 80 சதவீதம் முளைத்தால் 66,000-க்கு மேல். கால் பங்கு நாற்றங்காலில் போனாலும் 50,000 நாற்று கையில் நிற்கும். 25-க்கு 25 சென்டிமீட்டரில் ஒற்றை நாற்றாக நட்டால் ஏக்கருக்கு 64,750 நாற்று போதும். அதாவது அதே 2 கிலோ 77 சென்ட்டை நிரப்புகிறது!

ஏழு சென்ட் எங்கே, 77 சென்ட் எங்கே? விதை அதே விதை. மாறியது கணக்கு மட்டும். ஒரு ரகம் பிழைப்பதும் அழிவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஒற்றை நாற்று நடவு புதிதும் அல்ல. 1980-களில் மடகாஸ்கரில் ஹென்றி தெ லொலானியே என்ற பாதிரியார் விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கிய முறை. தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்று வந்தது, பிறகு 'ராஜராஜன் 1000' என்று பேரும் வைத்தார்கள். பேர் வைப்பதில் நம்மை அடிக்க ஆள் கிடையாது. 14 நாள் நாற்றைப் பிடுங்கி ஒவ்வொன்றாக நட ஆள் வேண்டும், வயல் சமமாக இருக்க வேண்டும், தண்ணீரைக் கட்டவும் வடிக்கவும் வழி வேண்டும். ஏரி மதகு தன் கையில் இல்லாத கடைமடைக்காரருக்கு இது எளிதல்ல. அதனால் எல்லோரும் ஒற்றை நாற்றுக்கு மாறுங்கள் என்று உபதேசம் செய்வதும் இன்னொரு மூட்டைக் கணக்குதான். எந்த முறையில் நட்டாலும் அந்த முறைக்கு எண்ணிப் போடுங்கள் என்பது மட்டுமே வாதம்.

அதற்குச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்களும் அல்ல. சான்று விதை மூட்டையில் நீல நிற அட்டை இருக்கும். நெல்லுக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்பு, 98 சதவீத சுத்தம் என்பது விதி. அந்த அட்டையில் ஆயிரம் மணி எடையையும் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? கூடவே நடவுக்கு இவ்வளவு, நேரடி விதைப்புக்கு இவ்வளவு என்று ஏக்கரிலும் சென்ட்டிலும் இரண்டு வரி. 5 கிலோ, 10 கிலோ பைகளில் விற்றால் அரை ஏக்கர்காரர் அரை மூட்டைக்கு அலைய வேண்டாம். பள்ளிக்கூடத்தில் தொட்டியில் ஒரு குழாய் தண்ணீரை விட்டு இன்னொரு குழாயில் வெளியே விடுகிற கணக்கை எத்தனை வருஷம்தான் போடுவது? அதில் ஒன்றை எடுத்துவிட்டு இதை வைக்கலாம். வண்டலூர் தாண்டி காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையமே இருக்கிறது. மின்சார ரயிலில் தினமும் அதைக் கடந்து போகிற மாணவர் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

கடைசியாக, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில். ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர். ஒற்றை நாற்று நடவில் சுமார் 3,570 குத்து. மோட்டா ரகம், 80 சதவீத முளைப்பு என்றால் வேண்டிய விதை சுமார் 107 கிராம். ஒரு டம்ளர் நெல்! மூட்டைக் கணக்கிலோ ஒன்றரைக் கிலோவுக்கு மேல்.

ஒரு கிரவுண்டின் விலையைப் பைசா சுத்தமாகச் சொல்லத் தெரிந்த ஊர், அதில் விழ வேண்டிய விதையையும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும்.

பி.கு: முளைப்புச் சோதனைக்கு லேப் தேவையில்லை. மூட்டையில் மேலே, நடுவே, அடியே என்று கலந்து எடுத்த 100 நெல்லை எண்ணி, நனைத்த சாக்கில் பரப்பிச் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் கழித்துப் பிரித்து எண்ணினால் போதும். நல்ல முளை எத்தனையோ அதுதான் சதவீதம். 80-க்குக் கீழே வந்தால் அளவைக் கூட்டலாம், 50-க்குக் கீழே வந்தால் அந்த விதையைக் கோழிக்குப் போடலாம் (மருந்து கலந்த விதையாக இல்லாவிட்டால் மட்டும்!).