கூடை நடுவதற்கு யாருடைய நிலம்?

வியாழக்கிழமைகளில் பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தைச் சுற்றி நடக்கவே இடமிருக்காது. மற்ற நாள் சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துச் சந்துகளில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஸ்கூட்டர் வந்தால் ஸ்டம்புக்கு வைத்த செங்கல்லைக் காலால் ஒதுக்கி, போனதும் திரும்ப வைக்கிறார்கள். இவர்களை நினைத்துத்தான் டிஸ்க் கோல்ஃப் பற்றி எழுதுகிறேன்.

கோல்ஃப் போலவேதான் ஆட்டம். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை. கூடைக்கு மேல் சங்கிலிகள் தொங்கும். எறிந்த தட்டு சங்கிலியில் மோதி, வேகம் அடங்கிக் கூடைக்குள் விழ வேண்டும். கூடை வருவதற்கு முன் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குறிவைத்து எறிந்தார்கள். 1975-இல் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தரக் களத்தைக் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் என்ற பொதுப் பூங்காவில் அமைத்தார்.

இன்று உலகில் 15,000-க்கும் மேற்பட்ட களங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கட்டணம் கிடையாது. காரணம் எளிது: நிலத்தைச் சமன்படுத்த வேண்டாம், புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், இருக்கிற மரங்களே ஆட்டத்துக்கான தடைகள். நிலமோ ஏற்கெனவே ஊருக்குச் சொந்தம். பெங்களூரு கோல்ஃப் கிளப் 1876-இல் தொடங்கியது. இத்தனை காலத்துக்குப் பிறகும் உறுப்பினர் ஆகாமல் அங்கே தாராளமாக நுழைய முடியாது.

ஆட்டம் பரவினால் இடம் தானாகக் கிடைத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. நம் ஊரில் கால்பந்து மோகம் பெருகியபோது என்ன நடந்தது? காலி மனைகளிலும் மொட்டை மாடிகளிலும் செயற்கைப் புல் டர்ஃப்கள் முளைத்தன. ஆடும் இடம் கூடியது. ஆனால் மணிக்கணக்கில் வாடகை கட்ட வேண்டும். நிலமும் முதலீடும் தனியாருடையவை என்றால் அப்படித்தான் ஆகும்.

டிஸ்க் கோல்ஃபுக்கும் வளர்ச்சி சிக்கலைத் தராமல் இல்லை. டெக்சாஸில் உள்ள ஆஸ்டினில், நம் பக்கத்து ஆஸ்டின் டவுன் அல்ல, பீஸ் பூங்காவின் களத்தை 2011 இறுதியில் மூடினார்கள். ஆட வருபவர்கள் பெருகி மண் அரித்தது, மரங்கள் அடிபட்டன. களத்தை வேறு பூங்காவுக்கு மாற்றினார்கள். சில இடங்களில் தனியார் நிலத்தில் கட்டணக் களங்களும் வந்துவிட்டன.

விவேக் நகரைச் சுற்றியுள்ள சின்னப் பூங்காக்களில் முழுக் களத்துக்கான 18 கூடை நட முடியாது, நடவும் கூடாது. வேகமாக வரும் தட்டு, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் மேல் பட்டால் காயம்தான். ஆனால் பத்தடி தூரத்திலிருந்து மெதுவாக எறிந்து பழக ஒரு கூடைக்கு ஒரு மூலை போதும். 2024-இல் பெங்களூரில் மாநகராட்சிப் பூங்காக்களைக் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்துவைக்க முடிவெடுத்தார்கள். புதிதாக ஓர் அடி நிலம் வாங்காமலே, மத்தியானம் பூட்டிக் கிடந்த கதவுகள் திறந்தன. உள்ளே இன்னும் 'விளையாடக் கூடாது' பலகை நிற்கிறது. செங்கல்லை ஒதுக்கும் பிள்ளைகளுக்காக, அந்தப் பலகையைப் பற்றித்தான் வார்டு அலுவலகத்தில் நாம் அடுத்துப் பேச வேண்டும்.