கறள் பிடித்த ஆணியும் கைப்பக்குவமும்

உப்பளங்களுக்குப் பேர்போன புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக்கு வடக்கே கடலை ஒட்டிக் கிடக்கும் மணற்றிட்டு உச்சமுனை. கற்பிட்டியிலிருந்து படகேறியே அங்கு செல்லுதல் வேண்டும். 1950களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைக் கரையெங்கும் படகுகளுக்கு இயந்திரம் பூட்டும் வழக்கம் பரவிற்று. இன்று இத்தகைய மீனவர் ஊர்களில் படகின் பின்புறத்தே பூட்டிய வெளியிணைப்பு இயந்திரமே பல வீடுகளின் அடுப்பை எரியவைக்கிறது. பழுதுபார்க்கையில் அதன் போல்ட்டு ஒன்று கழல மறுத்தால் அன்றைய தொழில் நின்றது. பலவந்தத்தால் அது முறிந்தாலோ, இயந்திரத்தையே படகிலேற்றிப் பட்டறைக்குக் கொண்டு செல்ல நேரும். ஆதலின் இவ்வாரம் இறுகிய போல்ட்டைக் கழற்றும் முறையைக் கூறுவோம்.

போல்ட்டு ஏன் இறுகுகிறது? ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. உப்புநீர் மின்னை எளிதிற் கடத்துவதால் கறள் விரைந்து பிடிக்கும். கறளோ, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட இடத்தை அடைப்பது. புரிகளின் நுண்ணிய இடைவெளியில் அது ஆப்புப்போல் நெருக்கிவிடுகிறது. கறள் பிடிக்காத உருக்கு ஆணி போட்டாற் போதாதா என்பர் சிலர். இயந்திரத்தின் அலுமினிய உடலும் அவ்வாணியும் உப்புநீரிற் சேருமிடத்து, அலுமினியம் அரிபட்டு வெண்பொடியாகும். அப்பொடியும் ஆணியைக் கவ்விக்கொள்ளும்.

ஆகவே நமக்குப் பகை ஆணியன்று, இடையிலுள்ள பொடியே. அதனைத் தளர்த்தாமல், சாவியில் நீண்ட குழாயை மாட்டி வலித்தால், புரி விடுமுன் ஆணியின் கழுத்து அறும்.

முதலில் கம்பித் தூரிகையால் மேற்கறளைத் தேய்த்து, ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓரிரவு ஊறவிடுக. இடையிடையே ஆணியின் தலையில் சிறு சுத்தியலால் நேராகத் தட்டுக. அடிமேல் அடியடித்தால் அம்மியும் நகரும். ஆனால் அடி மெல்லிதாயிருத்தல் வேண்டும். அவ்வதிர்வினால் பொடி நொறுங்கி எண்ணெய்க்கு வழிவிடும். பின்னர் ஆறு முகமும் பொருந்தும் வளையச் சாவியைப் போடுக; திறந்த வாய்ச்சாவி தலையின் மூலைகளை மழுக்கிவிடும். இறுக்கும் பக்கமாக மயிரளவு அசைத்தபின் கழற்றும் பக்கம் திருப்புக. அசைந்தது கண்டு ஒரேயடியாகத் திருகலாகாது. கால் சுற்று வெளியே, சற்று உள்ளே, மீண்டும் எண்ணெய் என்று நிதானமாகச் செய்க.

அப்போதும் அசையாவிடின் வெப்பமே துணை. சூடேறும்போது அலுமினியம் சாதாரண உருக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவடையும். எனவே ஆணியைச் சூழ்ந்த பகுதியில் துணியைச் சுற்றிக் கொதிநீரை ஊற்றினால் துளை சற்றே அகலும். மின்பாகங்களில் நீர் படாது மூடிக்கொள்க. பெற்றோலும் மண்ணெண்ணெயும் புழங்குமிடத்திற்குத் தீச்சுவாலையைக் கொண்டுசெல்லல் ஆகாது. சமையலறைக் கேத்தல் போதும்.

ஆணி கழன்றதும் வேலை முடிந்ததென எண்ணற்க. புரிகளைத் துலக்கி, நீரிற் கரையாத கிறீஸ் பூசியே மீளப் பூட்டுதல் வேண்டும். நாள்தோறும் கரையேறியதும் இயந்திரத்தை நன்னீரால் கழுவும் வழக்கத்தை வீட்டிலுள்ள சிறுவருக்கும் பழக்குக. நன்னீர் அரிதான கரையில் ஒரு வாளி நீரும் பெரிதாகத் தோன்றலாம். ஆணி முறிந்து படகு கரையிற் கிடக்கும் நாட்களை எண்ணிப் பார்த்தால், அவ்வாளி நீர் சிறிதே என்பது விளங்கும்.