குதிரையின் வாயைப் பார்த்தவர் யார்?

எங்கள் எளாவூரில் குதிரையைக் காண்பது அரிது. நெடுஞ்சாலையில் போவதெல்லாம் லாரிகளே. சென்ற ஆண்டு ஒரு திருமண ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அது தலையை மேலும் கீழும் உதறிக்கொண்டே நின்றது. "குதிரை ஆடுது!" என்று சிறுவர்கள் கைதட்டினார்கள். "வாயில் புண் ஏதாவது இருக்கிறதா?" என்று குதிரைக்காரரைக் கேட்டேன். "ரத்தமே வரலியே சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வாயைத் திறந்தும் பார்க்கவில்லை.

மாணவ நண்பர்களே, குதிரையின் கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் தங்குகிறது. பல் இல்லாத இடந்தானே, வலிக்காது என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே கூரிய எலும்பு விளிம்பை மெல்லிய ஈறு மட்டுமே போர்த்தியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டில் சட்டத்தில் இடித்துக்கொண்டவர்களுக்கு அந்த வலி எத்தகையது என்று விளங்கும். லகானை இழுத்தால் இரும்பு நாக்கையும் ஈற்றையும் ஒருசேர நசுக்குகிறது.

பற்களாலும் தொல்லை உண்டு. குதிரையின் பற்கள் தேயத் தேய, ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈற்றிலிருந்து வெளிவந்துகொண்டே இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. ஆகவே பற்கள் சீராகத் தேய்வதில்லை. மேற்பற்களின் வெளிவிளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். கீழ்ப்பற்களின் உள்விளிம்பு நாக்கை அறுக்கும். கால்நடை மருத்துவர் அரத்தால் ராவி இவற்றை மழுக்கிவிடுவார்.

இரத்தம் வராவிட்டால் காயம் இல்லை என்று சொல்லலாமா? வண்டி இழுத்து ஓடும் பந்தயம் முடிந்த கையோடு 261 குதிரைகளின் வாயைப் பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். முடிவு 2019-இல் வெளியாயிற்று. 84 சதவீதக் குதிரைகளுக்குக் கடிவாளம் படும் இடத்தில் புதுக் காயங்கள் இருந்தன! வாய்க்கு வெளியே இரத்தம் தெரிந்தவை மிகச் சிலவே.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் உருவாகக் காரணமாக இருந்தவர், சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அச்சட்டத்தின்கீழ் 1965-இல் வந்த விதிகள் முள் பதித்த கடிவாளத்தை அறவே தடை செய்கின்றன. ஆயினும் டில்லி போன்ற வடநாட்டு நகரங்களில் முள் கடிவாளங்கள் பிற்பாடும் பறிமுதலாகியுள்ளன. "முள் இல்லாவிட்டால் குதிரை அடங்காது" என்பார்கள். நான் இதை ஏற்கமாட்டேன். வலியைக் கண்டு மிரண்டோடுவது குதிரையின் பிறவிக்குணம். வாய்க்குள் வலியை வைத்துவிட்டு அடக்கத்தை எதிர்பார்ப்பது எப்படி? வாயில் இரும்பே இல்லாமல் மூக்கின்மேல் பட்டை கட்டி ஓட்டும் முறையும் இருக்கிறதே!

முள்ளைத் தடுத்தால் மட்டும் போதாது. பின்லாந்துக் குதிரைகளின் காயங்களுக்கு முள் காரணமல்ல. வாடகைக்கு விடும் ஒவ்வொரு குதிரையின் வாயையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரசுக் கால்நடை மருத்துவர் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் கட்டணம் கூடாது. குதிரைக்காரர்களில் பலர் அன்றாடம் சம்பாதித்துப் பிழைப்பவர்கள். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற நாம், வாங்கிய பின் பார்ப்பதே இல்லை.

நீங்களாகக் குதிரையின் வாயில் கை விட வேண்டாம், விரல் போய்விடும்! மென்ற புல்லை உருண்டையாகக் கீழே தள்ளுகிறதா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா, லத்தியில் முழுத் தானியம் கிடக்கிறதா என்று எட்ட நின்று கவனியுங்கள். தலையை உதறுவதும் ஓர் அறிகுறிதான். அதற்கு ஈயோ மேளச் சத்தமோகூடக் காரணமாக இருக்கலாம். எளாவூரில் அன்று எது காரணம் என்பது, யாராவது அந்த வாயைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.