மால்டா: ஊர்த் திருவிழாவும் வேலை விசாவும்... குட்டித் தீவில் என்னதான் நடக்குது?

'ஐரோப்பாவில் வேலை, ஆங்கிலம் தெரிந்தால் போதும்' என்ற விளம்பரத்தை உங்க ஃபோனில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. அதில் அடிக்கடி வரும் பெயர் மால்டா. இத்தாலியின் சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் இருக்கும் குட்டித் தீவு நாடு. மொத்தப் பரப்பளவே 316 சதுர கிலோமீட்டர்தான்.

இந்த நாட்டில் இப்போது சூடாக நடக்கும் விவாதம் ஒன்று: 'நம்ம ஊர் நம்ம ஊராவே இருக்கா?' இந்தக் கேள்வி அங்கே வேலைக்குப் போகும் இந்தியர்களையும் நேரடியாகத் தொடுகிறது. விவரமாகப் பார்ப்போம்.

திடீர்னு ஏன் இந்தக் கேள்வி?

முதல் காரணம், எண்ணிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மால்டாவில் இருந்தவர்கள் சுமார் 4.17 லட்சம் பேர். 2021-ல் அது 5.19 லட்சத்தைத் தாண்டியது. 2023 முடிவில் சுமார் 5.63 லட்சம். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மக்கள் நெருக்கம் மிக அதிகமான நாடு இதுதான்.

உள்ளூரில் குழந்தைகள் அதிகம் பிறந்ததால் வந்த வளர்ச்சி இல்லை இது. பிறப்பு விகிதத்தில் ஒன்றியத்திலேயே கடைசி வரிசையில் இருக்கும் நாடு மால்டா; ஒரு பெண்ணுக்குச் சராசரியாக சுமார் 1.1 குழந்தைதான். ஆக, கூடியவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். 2021 கணக்கெடுப்பின்படி ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். இத்தாலியர், பிரிட்டிஷார், பிலிப்பைன்ஸ்காரர்கள், செர்பியர்களோடு இந்தியர்களும் பெரிய குழுக்களில் ஒன்று.

இதோடு சுற்றுலாப் பயணிகளையும் சேர்த்துக்கோங்க. 2024-ல் மட்டும் வந்தவர்கள் 35 லட்சத்துக்கு மேல்.

அப்படி என்ன தனி அடையாளம் அவங்களுக்கு?

முதலில் மொழி. மால்டீஸ், அரபு வழி வந்த மொழி. ஆனால் எழுதுவது லத்தீன் எழுத்தில். காலை வணக்கம் 'போன்ஜு', நன்றி 'கிராட்சி' என இவை ஐரோப்பாவிலிருந்து வந்தவை. விடைபெறும்போது சொல்லும் 'சஹ்ஹா' அரபு. நாட்டின் அரசமைப்புச் சட்டமே கத்தோலிக்கத்தை நாட்டின் மதம் என்கிறது. ஆனால் அவர்கள் கடவுளைக் குறிக்கும் சொல் 'அல்லா', ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் பெயர் 'ரண்டான்'. பல நூற்றாண்டுக் கலப்பு இந்தச் சின்னச் சொற்களிலேயே தெரிஞ்சிடும்.

அடுத்து, ஃபெஸ்டா. ஊருக்கு ஊர் பாதுகாவலர் புனிதருக்கு எடுக்கும் திருவிழா. பெரும்பாலும் கோடையில் வரும். தெருவெல்லாம் தோரணம், பால்கனியிலிருந்து கொட்டும் காகிதத் துண்டுகள், தோளில் சுமந்து வரும் புனிதர் சொரூபம், காது பிளக்கும் வேட்டு. இதையெல்லாம் தாங்கிப் பிடிப்பவை ஊர் பேண்ட் கிளப்கள். 19-ம் நூற்றாண்டில் வளர்ந்தவை இவை. சில ஊர்களில் இரண்டு கிளப் இருக்கும், யாருடைய ஊர்வலம் பெருசு என்று போட்டியும் இருக்கும். 2023-ல் யுனெஸ்கோ இந்த ஊர்த் திருவிழாவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சாப்பாடு? ரிக்கோட்டா சீஸோ பட்டாணி மசியலோ வைத்த 'பாஸ்டிட்சி', முயல் கறி, 'ஃப்டீரா' ரொட்டி. பாஸ்டிட்சி கடையில் கண்ணாடி டம்ளரில் பால் டீயும் கிடைக்கும். குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வந்தால் 'குச்சீயா' என்றொரு சடங்கு. பேனா, புத்தகம், ஜெபமாலை, முட்டை எனப் பல பொருள்களை முன்னால் பரப்பி வைப்பார்கள். குழந்தை எதை எடுக்கிறதோ அதை வைத்து அதன் எதிர்காலத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்போ வெளிநாட்டவர் வந்ததால்தான் பண்பாடு மாறுதா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். பெரிய மாற்றங்கள் பலவும் மால்டாக்காரர்களே செய்தவை. 2011 வரை அந்த நாட்டில் விவாகரத்துச் சட்டமே கிடையாது. அந்த ஆண்டு பொது வாக்கெடுப்பில் சுமார் 53 சதவீதம் பேர் ஆதரித்த பிறகுதான் வந்தது. 2017-ல் தன்பாலினத் திருமணம் சட்டபூர்வமானது. 1967-ல் பத்தில் எட்டு பேர் ஞாயிறு திருப்பலிக்குப் போனார்கள். 2017-ல் திருச்சபை எடுத்த கணக்கில் அது மூன்றில் ஒருவரை விடக் கொஞ்சம்தான் அதிகம், சுமார் 36 சதவீதம். கருக்கலைப்பில் மட்டும் ஒன்றியத்திலேயே மிகக் கடுமையான சட்டம் தொடர்கிறது. 2023-ல் தாயின் உயிருக்கு ஆபத்து என்ற நிலைக்கு மட்டும் விலக்கு வந்தது.

ஆக, 'வந்தவங்களால கெட்டுப்போச்சு' என்பது பாதி உண்மைகூட இல்லை. ஆனால் மக்களின் எரிச்சல் பொய் இல்லை. வாடகை ஏறுகிறது. பழைய கல் வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. தீவில் 4 லட்சத்துக்கு மேல் வாகனங்கள் ஓடுகின்றன. 2023 ஜூலை வெப்ப அலையின்போது பல நாள் மின்வெட்டு. ஆறே இல்லாத நாடு என்பதால் குடிநீரில் பெரும்பங்கு கடல்நீரைச் சுத்திகரித்தே வருகிறது. கடைக்குப் போனால் சொந்த மொழியில் ஒரு காபி கேட்க முடியவில்லை என்ற குறையும் அடிக்கடி கேட்கிறது.

இதற்கெல்லாம் வேர், நாடு தேர்ந்தெடுத்த வளர்ச்சி முறையில் இருக்கிறது. ஆன்லைன் கேமிங், நிதிச் சேவை, சுற்றுலா, கட்டுமானம் எல்லாம் ஆள்பலத்தால் ஓடும் தொழில்கள். உள்ளூரில் ஆள் இல்லை, வெளியிலிருந்து எடுத்தார்கள். வீடு, சாலை, மின்சாரம் அதே வேகத்தில் வளரவில்லை. 2022 டிசம்பரில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் ஒன்று இடிந்து 20 வயது இளைஞர் இறந்தார். பொது விசாரணை வேண்டும் என்று அவர் தாய் போராடி வாங்கினார். 2024-ல் வந்த அறிக்கை, அரசுக்கும் பொறுப்பு உண்டு என்றது. கோபம் யார் மீது திரும்பணும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

இதில் இந்தியர்களுக்கு என்ன?

மருத்துவமனை, முதியோர் இல்லம், ஹோட்டல் கிச்சன், டாக்ஸி, உணவு டெலிவரி எனப் பல இடங்களில் இந்தியர்கள் வேலை செய்கிறார்கள். திருவிழா நாளில் தெரு அடைத்திருக்க, ஊர்வலம் போய் முடியும்வரை பையோடு ஓரமாக நிற்கும் டெலிவரி ரைடருக்கும் அந்த விழாவுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. ஒரே தெரு, ஆனால் இரண்டு உலகம்.

காரணம் வெறும் கூச்சம் இல்லை. பெர்மிட் வேலை தரும் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் அடுத்த வேலை தேட ரொம்ப நாள் கிடைத்த அவகாசம் வெறும் 10 நாள். 2025-ல் அறிவித்த புதிய தொழிலாளர் இடப்பெயர்வுக் கொள்கையில்தான் அது நீட்டிக்கப்பட்டது. அடுத்த மாதம் இருப்போமா என்றே தெரியாதவர், பேண்ட் கிளப்பில் உறுப்பினராகச் சேர்வாரா?

வேலைக்குப் போக நினைக்கிறவங்க என்ன கவனிக்கணும்?

* 'ஆங்கிலம் போதும்' என்பது வேலைக்குச் சரி. ஆங்கிலமும் அங்கே ஆட்சி மொழிதான். சுற்றுலா, விருந்தோம்பல் துறைக்கு 2024-லிருந்து 'ஸ்கில்ஸ் பாஸ்' என்ற பயிற்சியும் தேர்வும் வந்துவிட்டது.
* 5 ஆண்டு கழித்து நீண்டகாலக் குடியிருப்பு உரிமை கேட்டால் கதை வேறு. மால்டீஸ் மொழித் தேர்வில் தேறணும், பண்பாட்டு அறிமுகப் பயிற்சியும் முடிக்கணும். 'ஐ பிலாங்' என்ற அரசுத் திட்டம் இதற்கு வகுப்பு நடத்துகிறது. முதல் ஆண்டிலேயே சேர்வது நல்லது.
* ஏஜென்ட் சொல்லும் சம்பளத்தை மட்டும் பார்க்காதீங்க. வாடகை எவ்வளவு, பெர்மிட் யார் பெயரில், வேலை மாறினால் என்ன விதி என்பதை எழுத்தில் கேளுங்க.

மால்டா இப்போது வெளிநாட்டவர் எண்ணிக்கையின் வேகத்தைக் குறைக்கப் பார்க்கிறது. ஆனால் முதியோரைப் பார்க்கவும், ஹோட்டல் நடத்தவும் ஆள் வேண்டும் என்ற நிலை மாறவில்லை. வருபவர்களை 'கொஞ்ச நாள் வேலையாள்' என்று மட்டும் நினைத்தால் இந்த இடைவெளி கூடத்தான் செய்யும். அவர்கள் மொழி கற்று, நிலையாகத் தங்க வழி கிடைத்தால், பத்து ஆண்டுக்குப் பிறகு அந்தப் புனிதர் சொரூபத்துக்குத் தோள் கொடுக்கும் கூட்டத்தில் வெளியூர்க்காரர் பெயரும் இருக்கலாம். அரபியும் இத்தாலியும் ஆங்கிலமும் கலந்து வளர்ந்த ஊருக்கு அது ஒன்றும் புதுசு இல்லை.