கூண்டை வெட்டாதீங்க சாமி!

முதல்லயே சொல்லிடறேன், இது கார் பைத்தியங்களுக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. வீட்டுல மெக்கானிக்கல் படிக்கிற பையனோ பொண்ணோ இருந்தா நீங்களும் படிங்க.

இங்க புனேவுல நண்பர் ஒருத்தரோட பையன் மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறான். போன வாரம் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவுல யாரோ 1932 ஃபோர்டு ஹாட் ராடுக்கு ஜாகுவாரோட பின்பக்க இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனைப் பொருத்தறாங்க. அதைச் சுத்தியிருந்த இரும்புக் கூண்டைத் தூக்கி எறிஞ்சுட்டு, மிச்சத்துக்கு குரோம் பூசி, நேரா சேஸிஸோட இறுக்கிட்டாங்க. "செம லுக் அங்கிள்! அந்தக் கூண்டு சும்மா வெயிட்டுதானே?"ங்கறான்.

சும்மாவா?! அந்தக் கடுப்புதான் இந்தப் புலம்பல்.

ஜாகுவார் இதை 1961ல ஈ-டைப், மார்க் 10 கார்கள்ல கொண்டுவந்தது. பாப் நைட்ங்கற எஞ்சினியரோட வேலை. 1968ல வந்த எக்ஸ்ஜே6, 1975ல வந்த எக்ஸ்ஜே-எஸ் எல்லாத்துலயும் இதே அமைப்புதான். டிஃபரன்ஷியல், அதை ஒட்டியே ரெண்டு டிஸ்க் பிரேக், பக்கத்துக்கு ரெண்டா நாலு ஸ்பிரிங், எல்லாம் ஒரே கூண்டுல. பழைய காரிலிருந்து அப்படியே மொத்தமா இறக்கலாம். வீல் போல்ட் வட்டம்கூட பல செவர்லே கார்கள் மாதிரியே, 5 போல்ட், 4¾ அங்குலம். ஹாட் ராட்காரங்களும் கோப்ரா நகல் கட்டறவங்களும் இதைத் தேடிப் போறதுல ஆச்சரியமே இல்லை. ஆசைப்படறது தப்பில்லைங்க. பாதியை மட்டும் எடுத்துக்கறதுதான் தப்பு.

1) அந்தக் கூண்டு கார் பாடியில 'வி' வடிவ ரப்பர் மவுண்ட்ல உட்கார்ந்திருக்கு. சத்தத்தைக் குறைக்க மட்டும்னு நினைச்சுடாதீங்க. கீழ்க்கை மேலும் கீழும் ஆடும்போது ஒரு வட்டத்துல போகும். அதை முன்பக்கம் பாடியோட பிடிக்கிற ரேடியஸ் ஆர்ம் வேற ஒரு வட்டத்துல போகும். ரெண்டு வட்டமும் ஒத்துப்போகாது. அந்தச் சண்டையைத் தீர்க்கறதே ரப்பர்தான். கூண்டைத் தூக்கிட்டு, பழைய இடத்துலயே ரேடியஸ் ஆர்மை வச்சு இறுக்கினா, ஒவ்வொரு பள்ளத்துலயும் ஒண்ணை ஒண்ணு முறுக்கும். சரி, ரேடியஸ் ஆர்மே வேண்டாம்னு விட்டா? முன்னும் பின்னும் இழுக்கிற விசை முழுக்க கீழ்க்கையோட உள்பக்க பிராக்கெட் தலையில விழும்.

2) இதுதான் முக்கியம். இதுல மேல்கைன்னு தனியா ஒண்ணு கிடையாது. சக்கரத்தைச் சுத்தற ஹாஃப் ஷாஃப்ட்டேதான் மேல்கை! சாதாரண வண்டியில ஷாஃப்ட் உடைஞ்சா பெரும்பாலும் வண்டி நின்னுடும். இதுல ஷாஃப்ட்டோ அதுல இருக்கற கிராஸோ உடைஞ்சா, சக்கரத்தை மேலே பிடிக்க ஆளே இல்லை. அப்படிப்பட்ட ஷாஃப்ட்டைத்தான், சக்கரம் ரொம்ப வெளியே நிக்குதுன்னு வெட்டிச் சின்னதாக்கி, தெருமுனை பட்டறையில வெல்டு வைக்கறாங்க. கூட உட்கார்ந்து போற குடும்பத்துக்கு இது தெரியுமா?

3) பிரேக் உள்ளே இருக்கறதால சக்கரத்துல எடை குறையுது, சரி. ஆனா டிஸ்க் சூடு டிஃபரன்ஷியலோட ஆயில் சீல் பக்கத்துலயே நிக்கும். காத்து போக வழியில்லாம பாடியை மூடினா ஆயில் கசியும். அது நேரா பிரேக் மேலதான்.

"கூண்டு இல்லாமலே எத்தனையோ வண்டி ஓடுதே?"ன்னு கேப்பீங்க. ஓடுது, மறுக்கலை. அதைச் சரியாச் செய்யறவங்க ரேடியஸ் ஆர்மை உள்பக்கமா சாய்ச்சு, அதோட முன்முனையை கீழ்க்கையோட உள் அச்சுக்கு நேர்கோட்டுல கொண்டுவராங்க. அப்ப ரெண்டும் ஒரே முக்கோணமா ஒரே அச்சுல ஆடும். சண்டையே வராது. டிஃபரன்ஷியலையும் மேலே மட்டும் தொங்கவிடாம கீழேயும் பிடிப்பாங்க. அது கணக்குப் போட்டுச் செஞ்ச வேலை. வீடியோவுல பளபளன்னு தெரியறது குரோம் மட்டும்தான், கணக்கு இல்லை.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கலும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. இதை ரோட்டுல ஓட்டிட்டு, விபத்துக்கப்புறம் இன்சூரன்ஸ்காரர்கிட்ட "லுக்குக்காக வெட்டினேன்"னு சொல்லிப் பாருங்க :-)

அதனால தம்பிகளா, தங்கச்சிகளா, காலேஜ் புராஜெக்டுக்கு இதை எடுத்தா கூண்டோட எடுங்க. இல்லைன்னா முதல்ல பேப்பர்ல ரெண்டு வட்டத்தையும் வரைஞ்சு, எங்க முட்டுதுன்னு பார்த்துட்டு வெல்டிங் மெஷினை ஆன் பண்ணுங்க. பெத்தவங்களே, காசு கேட்டு வந்தா "அந்த டிராயிங்கைக் காட்டு"ன்னு மட்டும் கேளுங்க. டிராயிங் இல்லையா, காசும் இல்லை!