சாவியை யாரிடம் கொடுப்பது?

ஒரு ரயில் நிலையத்தில் புக்கிங் கிளார்க் மாற்றலாகிப் போகிறார் என்றால், சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே எழுந்து போய்விட முடியாது. கையிருப்புப் பணம், டிக்கெட் கட்டு, பெட்டிச் சாவி முதல் காலொடிந்த நாற்காலி வரை பட்டியல் போட்டு, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். பத்து ரூபாய் குறைந்தாலும் கேள்வி உண்டு. இதற்கு சார்ஜ் ஒப்படைத்தல் என்று பெயர்.

ஆனால் இன்று கோடிக்கணக்கில் விலை போகும் நம்முடைய தர்மக் கட்டடங்கள் பல, ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு வெறும் வாய்ச்சொல்லிலேயே கைமாறி வருகின்றன. தலைவர் காலமாகிறார், அவருடைய வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்த பத்திரம் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரிவதில்லை. செயலாளர் மகனுடன் வெளியூர் போய்விடுகிறார். கணக்கு நோட்டும் அவருடனேயே போய்விடுகிறது. சத்திரங்களும் பஜனை மடங்களும் வாசகசாலைகளும் மழையாலும் கறையானாலும் அழிந்ததைவிட, இப்படிக் கைமாறும் நேரத்தில் அழிந்ததே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது.

தர்மம் தலைகாக்கும் என்பார்கள். அந்த தர்மத்தின் தலையைக் காப்பது யார் என்பதே இன்றைய கேள்வி.

முதலியார் வைத்த தர்மம்

பெங்களூருவில் இன்று ஹைகோர்ட் இயங்கும் செந்நிற அட்டார கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்பது நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். 1868ல் அந்தக் கட்டடம் முடிந்தது. சம்பாதித்ததை அவர் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. 1873ல் தண்டுப் பகுதியின் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அவர் பெயரால் ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி அறக்கட்டளை 150 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடக்கிறது.

அப்படிப்பட்ட அறக்கட்டளைக்கே சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சோதனை வந்தது. அதன் வசமுள்ள ஒரு சொத்தை வேறு சிலரிடமிருந்து வாங்குவதற்கு 2018ல் ஒப்பந்தம் செய்துகொண்டதாகவும், அதற்கு 75 லட்சம் ரூபாயை ரொக்கமாகவே முன்பணம் கொடுத்துவிட்டதாகவும் சொல்லி, அறக்கட்டளையின் மீதே வழக்குப் போடப்பட்டது. கீழ்க் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டிலும் இந்த வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளிவிட இயலவில்லை. கடைசியில் 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்தான் அதைத் தள்ளுபடி செய்தது. விற்பனை ஒப்பந்தம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, சொத்தை அனுபவித்து வரும் மூன்றாம் நபர் மீது உரிமை கொண்டாட முடியாது என்று நீதிபதிகள் தெளிவாகக் கூறினார்கள். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் கைமாறியதாக வழக்குகளில் சொல்லப்பட்டால் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள்.

வழக்கறிஞர் வைக்க வசதியும், டில்லி வரை போகத் தெம்பும் உள்ள பெரிய அறக்கட்டளை இது, பிழைத்துக்கொண்டது. நான்கு தூணும் ஒரு திண்ணையும் உள்ள சிறு மடத்துக்கு இந்த நிலை வந்தால் என்ன ஆகும்? பத்திரம் எங்கே என்று தேடி முடிப்பதற்குள் சுவர் இடிந்து, பலகை மாறியிருக்கும்.

சத்திரம் சொல்லும் பாடம்

பெங்களூரு நகர ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு குப்பி தோட்டதப்பா சத்திரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1903ல் திறக்கப்பட்ட அந்தச் சத்திரத்தில், சேலத்திலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் வேலை தேடி வந்து இறங்கி, முதல் இரவைக் கழித்த தமிழர்கள் எத்தனையோ பேர். தோட்டதப்பா 1910ல் மறைந்தார். சொத்தை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாமல், தம் காலத்திலேயே டிரஸ்ட் ஏற்படுத்தினார். ஊர்ப் பெரியவரான கே.பி. புட்டண்ண செட்டியார் அதற்குத் தலைமை ஏற்றார். சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்த தர்மம் அது. அதனால்தான் நூறாண்டு கடந்தும் நிற்கிறது.

சொத்து தூரத்தில் இருப்பதும் ஒரு சாக்கு ஆகாது. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1813ல் சத்திரம் வைத்தார்கள். அங்கே அவர்களுக்குரிய நிலம் ஒன்று ஆக்கிரமிப்புக்கு உள்ளானது. செட்டிநாடு எங்கே, காசி எங்கே என்று கைகழுவாமல், ஆவணங்களோடு போராடி நிலத்தை மீட்டார்கள். அந்த இடத்தில் எழுந்த புதிய சத்திரத்தை 2025 அக்டோபர் 31 அன்று துணை ஜனாதிபதி சி.பி. ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அவ்வளவு தூரத்திலிருந்து அவர்களால் முடிந்தது, உள்ளூரிலேயே இருக்கும் நமக்கு முடியாதா?

சட்டம் என்ன சொல்கிறது?

பிறர் உரிமை கொண்டாடி அனுபவிக்கும் சொத்தை 12 ஆண்டுகளுக்குள் கேட்காவிட்டால், மீட்பது பெரும்பாலும் கடினம். இதைப் பல டிரஸ்டிகளே அறிந்திருப்பதில்லை. டிரஸ்டிகள் தவறினால், தர்மத்தில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, கோர்ட்டின் அனுமதி பெற்று வழக்குத் தொடர சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அது வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு செய்யும் வைத்தியம்.

மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது டிரஸ்டுகள் அறக்கட்டளை ஆணையரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவருடைய முன் அனுமதி இல்லாமல் அசையாச் சொத்தை விற்க முடியாது. கர்நாடகத்திலும் எல்லாப் பொது டிரஸ்டுகளுக்கும் பொருந்தக்கூடிய அத்தகைய ஏற்பாடு வேண்டும். மாநில அரசு இதில் ஆவன செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

நாம் செய்ய வேண்டியது

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு டிரஸ்டும் தன் சொத்துகளின் பட்டியலை, சர்வே எண், அளவு, வாடகைதாரர், வரி ரசீது விவரங்களுடன் எழுதி வைக்கட்டும். மூலப் பத்திரம் வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். நகல் குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும். நிர்வாகம் மாறும்போதெல்லாம் அந்தப் பட்டியலைப் பொதுக்குழுவில் உரக்கப் படித்து, பழையவரும் புதியவரும் கையெழுத்திடட்டும். வருடக் கணக்கைக் கட்டடத்தின் வாசலிலேயே ஒட்டட்டும். கணக்கு சுத்தமாக இருந்தால் மறைக்க என்ன இருக்கிறது?

ஆள் இல்லை, பணம் இல்லை, இனி நடத்தவே முடியாது என்ற நிலை சில இடங்களில் வரத்தான் செய்கிறது. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. அப்போது தரகரைத் தேடாமல், நல்ல முறையில் நடக்கும் வேறொரு அறக்கட்டளையையோ பள்ளியையோ தேடிச் சட்டப்படி ஒப்படைக்கலாம். வைத்தவர் பெயர் மாறக்கூடாது, வைத்த நோக்கம் மாறக்கூடாது, விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும். இப்படி ஒப்படைப்பது தோல்வி ஆகாது. தர்மத்தின் ஆயுளை நீட்டிப்பதேயாகும்.

1950 முதல் இயங்கிவரும் பெங்களூருத் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் முன்வந்து, இந்நகரில் தமிழர் வைத்த தர்மச் சொத்துகளுக்கெல்லாம் ஒரு பொதுப் பதிவேடு தயாரித்தால் பெரிய உபகாரமாக இருக்கும். ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதைவிட நல்ல வேலை எது?

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரஸ்டிகளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. உங்கள் தெருவில் உள்ள மடத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நீங்கள் கடைசியாகப் போனது எப்போது? நாற்காலிகள் காலியாக இருந்தால், அவற்றில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று பிறகு கேட்பதில் நியாயம் இல்லை. அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். பத்திரம் எங்கே இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். சாவியை வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தானே.