குளிச்சாச்சு... அப்புறம்?

குற்றாலம் போயிருப்பீர்கள். சாரல் தொடங்கியதும் மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று வரிசையாகத் தலையைக் கொடுத்துவிட்டு, துண்டு காய்வதற்குள் பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கு இலை போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். நல்லது, நானும் அதே கட்சிதான். அந்த ஊரில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் என்ன செய்தீர்கள்? லாட்ஜில் டி.வி. பார்த்திருப்பீர்கள். அதுக்கா சார் இவ்வளவு தூரம் போனீங்க?

தப்பு உங்கள் மேல் இல்லை. சொல்வதற்கு ஊரிடம் ஆயிரம் கதை இருக்கிறது. சொல்ல வேண்டிய இடம்தான் சாயங்காலம் ஐந்து மணியை ஒட்டிப் பூட்டிக்கொள்கிறது. குற்றாலத்தில் மாநிலத் தொல்லியல் துறை அமைத்த அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அருவிக்குப் போகிற நூறு பேரில் எத்தனை பேருக்கு அது தெரியும்? லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரை திறந்திருக்கிறது. நம்மூரில் மனுஷன் வேலை முடிந்து வருகிற நேரத்துக்குச் சரியாக வாட்ச்மேன் சாவியை எடுத்துவிடுகிறார்.

நான் கேட்பது இவ்வளவுதான். வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரப் பேச்சு, அது முடிந்ததும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பாடு.

“சோறு போட்டு ஆள் சேர்க்க இதென்ன கட்சி மாநாடா?” என்று உடனே ஒருவர் சீறுவார். ஐயா, அதே குற்றாலத்தில் இதையே செய்து காட்டிய மனிதர் ஒருவர் இருந்தார். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார். 1882-ல் பிறந்து 1954-ல் மறைந்தவர். படித்தது சட்டம், பிடித்தது கம்பன். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடியதால் அந்தச் சபைக்கே ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் வந்தது. பிற்பாடு அவர் குற்றாலத்தில் குடியேறியதும் பேச்சும் கூடவே போனது. ராஜாஜி, கல்கி, நீதிபதி மகராஜன், கி.ராஜநாராயணன் என்று பெரிய பட்டியலே அவரைத் தேடி வந்தது. வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்ப மாட்டார் என்பதை, போனவர்கள் எழுதி எழுதித் தீர்த்திருக்கிறார்கள்.

மேடையில் பேசினால் நீங்கள் கைதட்டுவீர்கள், அவ்வளவுதான். இலை முன்னால் உட்கார்ந்தால்தான் ‘அது எப்படிங்க?’ என்று கேட்கத் தோன்றும். டி.கே.சி.யே கம்பராமாயணத்தில் பல பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளியவர். சிலவற்றில் சொல்லை மாற்றியவர். அது நியாயமா என்று தமிழறிஞர்கள் எழுதிச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையை இன்றைக்கு சொதியும் இஞ்சிப் பச்சடியும் பரிமாறிக்கொண்டே நடத்தினால், மைக் முன்னால் ‘எனக்கு முன் பேசிய அறிஞர் பெருமகனார்’ என்று இழுப்பதைவிட எவ்வளவு தேவலை! பொன்னாடைச் செலவும் மிச்சம்.

வட்டத்தொட்டியை அப்படியே கொண்டுவாருங்கள் என்று சொல்லவில்லை. அது ஒரு பெரிய மனிதரின் வீடு. வீட்டுக்குள் யார் வரலாம் என்று வீட்டுக்காரர்தான் முடிவு செய்வார். பொது அருங்காட்சியகத்துக்கு அந்த வாசல்படி கிடையாது. டிக்கெட் இருநூறு ரூபாய் வையுங்கள், உள்ளூர் மாணவனுக்கு இலவசம். பேச வருகிறவர் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மலையில் தேன் எடுக்கும் பளியர் பெரியவரைக் கூப்பிடுங்கள். அவரும் பந்தியில் நம் பக்கத்து இலையில்தான் உட்கார வேண்டும், தனியாக இல்லை.

விஷயத்துக்குப் பஞ்சமா? செங்கோட்டை 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர் - கொச்சியில் இருந்தது. மறுநாள் காலை சென்னை மாநிலம். அந்த ஒரு ராத்திரிக்கே ஒரு பேச்சு போதாது. 1904-ல் மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் போன ரயில் இருக்கிறது. 1911-ல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் இருக்கிறார். குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இருக்கிறார். சித்திரசபைச் சுவர்களில் மூலிகை வண்ண ஓவியங்கள் இருக்கின்றன.

தென்காசிக் கோபுரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 15-ம் நூற்றாண்டில் கோயில் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பழுதுபார்த்துக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். ராஜா சார்! இன்னும் பிறக்காத குடிமக்களின் காலில் விழுகிறான். கோபுரம் இடிந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990-ல்தான் மறுபடி முழுசாக எழும்பியது. தினமும் அதன் கீழே பஸ்ஸுக்கு ஓடுகிற எத்தனை பேரிடம் யாராவது உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்கிறார்கள்? சொன்ன பாட்டன்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கல்வெட்டு காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

‘அரசு விதிகளில் சாப்பாட்டுக்கு இடமில்லை’ என்று ஃபைல் திரும்பி வரலாம். அமைச்சர் வருகிற அன்றைக்கு மட்டும் முந்திரிப் பருப்புக்கு எந்த விதியில் இடம் கிடைக்கிறது?

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. கலெக்டர் ஆபீஸ் வந்தாச்சு. அடுத்த சாரலுக்குள் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை பூட்டைத் திறந்து பாருங்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போதும். ஐம்பது இலை போடுங்கள். பத்து பேர்தான் வந்தார்கள் என்றால் மிச்சத்தை வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், பாவம், அன்றைக்கு அவருக்கும் ஓவர்டைம்.